ஒரு மனு, ஒரு கோரிக்கை

பெரம்பலூர்
மே 9

கொளஞ்சி,

இரண்டு நாளாக உன் போன் அடித்து அடித்து நிற்கிறது. எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறாய். புதன்கிழமை நாம் இருவருமே குரலை உயர்த்திவிட்டோம். திருச்சி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தபோதுகூட அப்படி நடந்ததில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிதானம் வரும். உனக்கும் இதுதான் பிடிக்கும். தேதி போட்ட காகிதம் இல்லாமல் எதையும் நம்பாதவள் நீ.

இத்துடன் நம் மன்றத்தின் தாளில் ஓர் அறிக்கை இருக்கிறது. அரைப் பக்கம். எல்லையில் சண்டை உடனே நிற்க வேண்டும்; இரண்டு பக்கமும் சாகிறவர்கள் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்; குடிமக்களின் உரிமைக்காக இருக்கும் மன்றம் அவர்களுடைய உயிரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. தலைவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செயலாளர் என்ற இடம் உனக்காகக் காலியாக இருக்கிறது.

நேற்று தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் என்று நினைத்தேன். ஏதோ ஓர் ஊரின் மேல் குண்டு விழுவதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘மேம், ஸ்கோர் பாருங்க’ என்றான் ஒருவன். வரலாறு படிக்கிற பையன். என் மாணவன்.

செய்தியில் வரும் ஊர்ப் பெயர்களை வைத்து ஜெயசீலன் எங்கே இருப்பான் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ராணுவத் தேர்வுக்கு அவனுக்குப் பொது அறிவு சொல்லிக்கொடுத்தவள் நான். ஆறு மாதம், சனி ஞாயிறு, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். எந்த நாட்டோடு எத்தனை கிலோமீட்டர் எல்லை என்று அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். உன் மகன் அங்கே இருக்கிறான் என்பதால் நீ பேச வேண்டாம் என்கிறாய். எனக்கும் அவன்தான் காரணம்.

15ஆம் தேதி பேச்சுவார்த்தை இருப்பது மறக்கவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. புரியும்படி எழுது.

ஃபஹ்மிதா


அரியலூர்
மே 12

ஃபஹ்மி,

காகிதம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. பீரோவில் வைத்திருக்கிறேன்.

என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டாய். வாகையேரி காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் பெரிய தெரு வழியாகப் போனால் அரை கிலோமீட்டர். அரசாங்கம் போட்ட தார் ரோடு. உயிரோடு இருக்கிறவர்கள் போகலாம். எங்கள் பிணம் போகக் கூடாது. ஊர்க்காரர்களின் வாசலை அது தாண்டக் கூடாதாம். அதனால் ஓடையில் இறங்கி, கருவேலங்காட்டில் புகுந்து, வரப்பு வரப்பாகச் சுமக்கிறோம். என் வீட்டுக்காரர் குழந்தைவேலை அப்படித்தான் கொண்டுபோனார்கள். ஐப்பசி மழை. ஓடையில் நெஞ்சளவு தண்ணீர். பாடை ஒரு பக்கம் சாய்ந்து, அவர் தலை தண்ணீருக்குள் போய் வந்ததைக் கரையில் நின்று பார்த்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பாடையின் ஒரு மூலையில் ஜெயசீலன் தோள் கொடுத்திருந்தான். அவனுக்குப் பதினாறு வயது.

அதிலிருந்து ஏழு வருடத்தில் நாற்பத்தொரு மனு. ஒவ்வொன்றிலும் முதல் கைநாட்டு காலனிக் கிழவி ஆண்டாயியுடையது. ‘அப்படியே தெருவெளக்கும் ஒண்ணு எழுதிவுடு சாமி’ என்று அது கெஞ்சியபோதுகூட ‘அதுக்குத் தனி மனு’ என்றுதான் சொன்னேன். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும். இரண்டு கேட்டால், எதைக் கொடுக்காமல் விடலாம் என்று நாமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். நீயோ போரை நிறுத்தச் சொல்லி அதே தாளில் கேட்கிறாய்.

போன பொங்கலுக்கு ஜெயசீலன் லீவில் வந்தான். பெரிய தெரு டீக்கடையில் காலனி ஆட்களுக்குப் பேப்பர் கப். அவனுக்குக் கண்ணாடி கிளாஸில் கொடுத்தார்கள். ஊராட்சித் தலைவர் சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர் அரியமுத்து, நாற்காலியில் உட்காருகிறவர் அவர்தான், ‘வாப்பா மிலிட்டரி, ஒக்காரு’ என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாராம். ஜெயசீலன் அதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனதில் குறித்துவைத்தேன். ஊர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு வரச் சம்மதித்ததே அந்த கிளாஸால்தான்.

இன்னொன்று. கோபப்படாதே. இந்த நேரத்தில் ‘போர் வேண்டாம்’ என்று ஃபஹ்மிதா பானு என்ற பெயரில் ஒரு காகிதம் போனால் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். பெயரை மட்டும் படிப்பார்கள். இது உனக்குத் தெரியாததா?

சண்டைதான் நின்றுவிட்டதே. ரோடு வரட்டும். அப்புறம் நீ நீட்டும் இடத்தில் எல்லாம் போடுகிறேன்.

ஜெயசீலன் நேற்று பேசினான். கையில் காயமாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். ‘ஒண்ணுமில்லம்மா, கட்டுப் போட்டுருக்காங்க’ என்றான்.

கொளஞ்சி


பெரம்பலூர்
மே 14

கொளஞ்சி,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. ‘பெயரை மட்டும் படிப்பார்கள்’ என்ற வரியை நாலு தடவை படித்தேன். பொய் இல்லை. ஆனால் அதை இதுவரை மற்றவர்கள்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஷார்ஜாவிலிருந்து தம்பி நசீர் சொல்கிறான்: ‘லாத்தா, நம்ம பேருக்கு வாய மூடிக்கிட்டு இருக்கறதுதான் நல்லது.’ அவன் சொன்னால் நான் கேட்டுக்கொள்வதில்லை. நீ சொன்னால் எனக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. காலனிக்காரி என்று கோர்ட்டில் மற்ற வக்கீல்கள் உன்னை ஒதுக்கிய நாட்களில், அடங்கிப் போ என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அறிக்கையை நான் சனிக்கிழமை காலையிலேயே அனுப்பிவிட்டேன். உன் பதிலுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். அன்று காலை செய்தியில் குண்டு விழுந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டினார்கள்; என்னால் முடியவில்லை. உன் இடத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அது காலியாகவே போனது.

மாலையில் பழைய பஸ் நிலையத்தில் நாங்கள் நாலு பேர் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றோம். ஒருவர் காலடியில் துப்பிவிட்டுப் போனார். பூ விற்கிற அம்மாள் மட்டும், ‘நிக்கறதுதான் நிக்கறீங்க, நெழல்ல வந்து நில்லுங்க’ என்றாள். அன்று மாலையே சண்டை நின்றது. எங்களால் இல்லை.

மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான் செய்தேன். நகல்களும் வழக்கமான முகவரிகளுக்குப் போயிருக்கின்றன.

நாளைக்கு நான் வரவில்லை. நீயும் அதைத்தான் விரும்புவாய். நல்லபடியாக முடியட்டும். காயம் எந்தக் கையில் என்று நீ எழுதவில்லை.

ஃபஹ்மிதா


அரியலூர்
மே 17

பேராசிரியர் ஃபஹ்மிதா பானு அவர்களுக்கு,

வணக்கம். 15ஆம் தேதி நடந்ததைத் தலைவரிடம் தெரிவிப்பது செயலாளரின் கடமை என்பதால் இதை எழுதுகிறேன்.

தாலுகா ஆபீஸில் இரு தரப்பிலும் ஆறு ஆறு பேர் உட்கார்ந்தோம். ஆண்டாயியும் வந்திருந்தது. தாசில்தார் நல்லவிதமாகத்தான் பேசினார். ‘இது அரசாங்க ரோடுங்க. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா அவங்கதான் ஜெயிப்பாங்க. இப்ப நீங்களா விட்டா ஒங்களுக்கு மரியாதை’ என்றார். அரியமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது, செய்யக் கூடாது என்று நினைத்திருந்த ஒன்றைச் செய்தேன். ‘என் புள்ள எல்லையில அடிபட்டு ஆஸ்பத்திரில கெடக்கறான். நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆனா அவனையும் ஓடையிலதான் தூக்கிட்டுப் போவணுமா?’ என்று கேட்டேன். அரியமுத்து நிமிர்ந்து, ‘அம்மாவுக்குத் தண்ணி குடுங்கப்பா’ என்றார். சம்மதப் பத்திரத்தை இழுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

அவர் பக்கத்தில் இருந்தவர் மடித்த காகிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். நம் மன்றத்தின் தாள். மேலே அச்சில் என் பெயர்: கொளஞ்சியம்மாள், வழக்கறிஞர், செயலாளர்.

‘புள்ள சண்ட போடறான்கறாங்க. ஆத்தா சண்ட போடாதன்னு மனு குடுக்கறாங்க. எதுங்கய்யா நெசம்?’

‘பாகிஸ்தானுக்கும் ரோடு கேட்டிருக்காங்களா, பாரு’ என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொன்னேன். ‘பேரு ஒங்களதுதானே?’ என்றார்கள். அரியமுத்து பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அந்தக் காகிதம் அவர்களிடம் எப்படிப் போனது என்று விசாரித்தேன். யாரும் திருடவில்லை. நீங்கள்தான் அனுப்பியிருக்கிறீர்கள். நகல்: மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், தாசில்தார், காவல் கண்காணிப்பாளர், ஊராட்சித் தலைவர் வாகையேரி. ஏழு வருடமாக ரோடு மனுவுக்கு நாம் போடும் அதே பட்டியல். போரை நிறுத்துவதற்கு வாகையேரி ஊராட்சித் தலைவரால் என்ன செய்ய முடியும் என்று நினைத்தீர்கள்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆண்டாயி கேட்டது: ‘பாய்வூட்டம்மா படிச்சவங்கதானே?’

பேச்சுவார்த்தை தேதி குறிக்காமல் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இனி என் வீட்டுக்கு வர வேண்டாம்.

கொளஞ்சியம்மாள்
செயலாளர்


பெரம்பலூர்
மே 20

கொளஞ்சி,

‘நீங்கள்’ என்று எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு எழுதியிருந்ததைப் படிக்க எனக்கு ஒரு நாள் ஆனது.

பழைய மனுவைக் கணினியில் திறந்து, நடுவில் இருந்ததை அழித்துவிட்டு அறிக்கையை அடித்தேன். கீழே பட்டியல் அப்படியே இருந்தது. ஐந்து உறைகளிலும் நானே கையால் முகவரி எழுதினேன். வாகையேரி என்று எழுதும்போதுகூட ஒன்றும் தோன்றவில்லை. ஏழு வருடப் பழக்கம், கை தானாக எழுதியது. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது இது.

அறிக்கையில் உள்ள எதையும் நான் மாற்றிச் சொல்ல முடியாது. அந்தப் பட்டியலை மட்டும் எப்படியாவது திரும்ப வாங்க முடிந்தால் வாங்குவேன்.

அறிக்கைக்காகக் கல்லூரியில் என்னைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

நேற்று ஜெயசீலன் கூப்பிட்டான். ‘சின்னம்மா, நீங்க ரெண்டு பேரும் டூ விட்டுட்டீங்களாமே’ என்றான். குரல் களைத்திருந்தது. காய்ச்சலாம். டாக்டரிடம் சொன்னாயா என்றேன். ‘ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு டாக்டரையா தேடறது?’ என்று சிரித்தான். கைக் காயத்துக்கு இத்தனை நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது, கொளஞ்சி. என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை. அங்கே யாரையாவது பிடித்து விசாரி.

ஃபஹ்மிதா


பெரம்பலூர்
மே 29

கொளஞ்சி,

ஞாயிற்றுக்கிழமை நான் வாகையேரிக்கு வந்திருந்தேன். உன் காலனி வீட்டு வாசலுக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று நீ எழுதியிருந்தது ஒரு காரணம். காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னை ஓரமாக அழைத்துப்போய், ‘மேடம், டிவிக்காரங்க இருக்காங்க, நீங்க இப்ப முன்னாடி வராதீங்க’ என்று சொன்னது இன்னொன்று. மரியாதையாகத்தான் சொன்னார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றேன்.

ஜெயசீலனைச் சுமந்த ராணுவ வண்டி பெரிய தெருவுக்குள் திரும்பியது. யாரும் யாரையும் அனுமதி கேட்கவில்லை. தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். பெண்கள் வாசலில் நின்று பூப் போட்டார்கள். பாதித் தெருவில் பெட்டியை இறக்கித் தோளில் ஏற்றினார்கள். அரியமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார். அவர் அழுதது நடிப்பு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நீ பின்னால் நடந்தாய். எந்த வீட்டையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாய்.

ஆண்டாயி முன்பு ஒரு தடவை என்னிடம் கேட்டது: ‘ஒங்க லப்பைக்குடிக்காட்டுல செத்தவங்களுக்கு ரோடு உண்டாம்மா?’ உண்டு, சந்தூக்குப் பெட்டி தெருவில் வந்தால் வழியில் போகிறவர்கூட நாலடி தோள் கொடுத்துவிட்டுத்தான் போவார் என்றேன். அது வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிறன்று வாகையேரியிலும் எல்லோரும் தோள் கொடுத்தார்கள். ஆண்டாயி என் பக்கத்தில்தான் நின்றது. மூன்று முறை துப்பாக்கிச் சத்தம் கேட்டது. கருவேலங்காட்டிலிருந்து கொக்குகள் எழுந்து போயின. ஆண்டாயி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

சண்டை நின்று பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருவன் போரில் சாக முடியும் என்பதை நான் எத்தனையோ வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன். புத்தகத்தில் அது ஓர் எண்ணிக்கை.

அவனுடைய பொது அறிவு நோட்டு இங்கே இருக்கிறது. வேண்டும் என்றால் அனுப்புகிறேன். இப்போது பார்க்க முடியாது என்றால் நானே வைத்திருக்கிறேன்.

ஃபஹ்மிதா


அரியலூர்
ஜூன் 19

ஃபஹ்மி,

நோட்டு வேண்டும். அனுப்பு.

நீ தொட்டிப் பக்கம் நின்றதைப் பார்த்தேன். சாம்பல் நிறப் புடவை. கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை.

தாசில்தார் முன்னால் நான் சொன்ன வார்த்தை உனக்குத் தெரியும். என் வாயாலேயே சொன்னேன். இதையெல்லாம் நீ நம்ப மாட்டாய். நானும் நம்புகிறவள் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் காதில் கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. பெரிய தெருவில் அவன் பின்னால் நடந்தபோது எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? ‘ரோடு கிடைத்துவிட்டது.’ பெற்ற பிள்ளை பெட்டியில் போகிறான்; நான் ரோடு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கிடைக்கவில்லை. ஆண்டாயி போன வாரம் செத்துப்போனது. வியாழக்கிழமை. வெயிலில் களை எடுத்துவிட்டு வந்து படுத்தது, எழுந்திருக்கவில்லை. நாங்கள் யாரையும் கேட்காமல் பெரிய தெரு முனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஜெயசீலன் போன பதினெட்டாம் நாள். தெருவை மறித்து டிராக்டர் நின்றது. முன்னால் முப்பது நாற்பது பேர்.

‘அன்னைக்கு விட்டீங்களே’ என்றேன்.

‘அது மிலிட்டரிக்காரன் பொணம்மா. கொடி போத்தி வந்துச்சு, விட்டோம். அதுக்காவ எல்லாத்தையும் விடுவாங்களா?’

பின்னால் ஒருவன், ‘ரோட்ல போவணும்னு இருந்தா கெழவி மிலிட்டரில சேந்திருக்கணும்’ என்றான். சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு பையன் சிரித்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஓடையில்தான் கொண்டுபோனோம். இந்த மாதத்தில் தண்ணீர் இல்லை, முள்தான். ஆண்டாயியின் கோடிப் புடவை கருவேல முள்ளில் மாட்டிக் கிழிந்தது. நின்று, முள்ளை எடுத்து, மறுபடி தூக்கினார்கள்.

திங்கட்கிழமை அரியமுத்து வீட்டுக்கு வந்தார். பழம், பூ எல்லாம் கொண்டுவந்தார். பெரிய தெருவுக்கு ‘வீரர் ஜெயசீலன் தெரு’ என்று பெயர் வைக்க ஊராட்சியில் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். தெரு முனையில் வளைவு கட்டுவார்களாம். தாயின் சம்மதக் கடிதம் வேண்டும்.

‘ஒங்க புள்ள ஒங்க புள்ள மட்டும் இல்லம்மா. ஊருக்கே புள்ள.’

‘அப்ப ஆண்டாயி யாருங்க?’

‘அத இதோட சேக்காதீங்கம்மா. அது வேற, இது வேற. ஒவ்வொண்ணாத்தானே கேக்கணும்.’

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை வீட்டிலேயே இருக்கிறது. அதை மே மாதம் நான்தான் உனக்கு எழுதினேன்.

30ஆம் தேதிக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். என்ன எழுதட்டும்? பீரோவில் உன் காகிதமும் அப்படியே இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடட்டுமா?

கொளஞ்சி


பெரம்பலூர்
ஜூன் 23

கொளஞ்சி,

ஆண்டாயி செய்தியை நசீரின் மனைவி ஹுஸ்னாவிடம் சொல்லி அழுதேன். ‘யாரு லாத்தா அவங்க?’ என்று கேட்டாள். என்ன உறவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: போடாதே.

இப்படி நான் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. மே மாதம் நீ போட்டிருந்தால் எனக்குத் துணையாக இருந்திருக்கும். இப்போது நீ போட்டால், மகனைப் பறிகொடுத்தவளின் கையைப் பிடித்து நான் எழுதவைத்ததாகச் சொல்வார்கள். அது போகட்டும். உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வரும். அந்தத் திருப்தியை நினைத்தால் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அவன் செத்துத்தான் நான் சொன்னது சரியாக வேண்டும் என்றால், அது எனக்கு வேண்டாம்.

பெயர் வைக்கச் சம்மதம் கொடு. எல்லாப் பிணமும் அந்தத் தெருவில் போகலாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் என்று நிபந்தனை போடு. அவர்களுக்கு வளைவு வேண்டும். உனக்கு ரோடு வேண்டும். போரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி. ஒரு மனுவில் ஒன்று.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை புரட்டினேன். எல்லைகளின் நீளம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. நாடு வாரியாகக் கிலோமீட்டர், நான் சொல்லச் சொல்ல அவன் எழுதியது. அந்தப் பட்டியலுக்குக் கீழே, நான் சொல்லாத ஒரு வரி, அவன் கையெழுத்தில்: ‘வாகையேரி பெரிய தெரு – 612 எட்டு.’ எப்போது நடந்து எண்ணினான் என்று தெரியவில்லை. நான் இத்தனை வருடம் அதைப் பார்க்கவே இல்லை.

ஃபஹ்மிதா


அரியலூர்
ஜூன் 30, திங்கள்

ஃபஹ்மி,

நீ சொன்னபடி செய்யவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் வாகையேரி போய்ப் பெரிய தெருவை நடந்து பார்த்தேன். முனையிலிருந்து சுடுகாட்டுத் திருப்பம் வரை. எனக்கு எழுநூற்று நாற்பது எட்டு வந்தது. அவனுக்குக் கால் நீளம். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘என்னம்மா தேடறீங்க?’ என்று ஒருவர் கேட்டார். ‘ஒண்ணுமில்லைங்க’ என்றேன்.

அங்கிருந்து நேராகக் கலெக்டர் ஆபீஸ், மனு நாள் வரிசை. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். அதை நான் மாற்றவில்லை. அதனால் மூன்று காகிதம் கொண்டுபோனேன்.

முதலாவது நம் நாற்பத்திரண்டாவது மனு. எல்லாப் பிணமும் பெரிய தெரு வழியாகப் போக வேண்டும். முதல் கைநாட்டு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து வாங்கினேன்.

இரண்டாவது: என் மகன் ஜெயசீலனின் பெயரை அந்தத் தெருவுக்கு வைக்கக் கூடாது. நீ சொன்ன நிபந்தனையை எழுதிப் பார்த்தேன். அவனைக் கொடுத்து ரோடு வாங்குவது போல இருந்தது. ஒரு தடவை அந்தத் தாலுகா ஆபீஸில் அதைச் செய்துவிட்டேன். இன்னொரு தடவை முடியாது.

மூன்றாவது உன் காகிதம். மே 9 என்ற தேதியை அடிக்கவில்லை. என் இடத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே இன்றைய தேதியை எழுதினேன். நடுவில் ஐம்பத்திரண்டு நாள். உனக்குத் திருப்தி வந்தால் வரட்டும். நான் உனக்காகப் போடவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயது. மூன்றாவதை முழுக்கப் படித்துவிட்டு, ‘சண்டதான் முடிஞ்சிடுச்சேம்மா, இது எதுக்கு?’ என்று கேட்டாள். ‘எங்க வூட்ல இன்னும் முடியலம்மா’ என்றேன். அவள் என் பெயரை மறுபடி பார்த்தாள். பிறகு மூன்றிலும் சீல் போட்டுக் கொடுத்தாள்.

காலனியில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ‘பையன் பேரு வந்தா ரோடு தன்னால வந்திருக்கும், நீ ஏம்மா கெடுத்த?’ என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ரோடு வருமா என்று எனக்குத் தெரியாது. ஐப்பசியில் ஓடைக்குத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் யாரும் சாகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நகல்கள் வழக்கமான முகவரிகளுக்கு. மூன்றுக்கும். வாகையேரி ஊராட்சித் தலைவருக்கும் மூன்று. இந்தத் தடவை ஒவ்வொரு பெயராகப் படித்துவிட்டுத்தான் எழுதினேன்.

உனக்கும் ஒரு நகல் போட்டு உறைக்குள் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். இங்கே மேஜைமேல் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்.

கொளஞ்சி